இரு தரப்பிலும் என் கையெழுத்து

ஜனவரி 6, திங்கள்

கடைசி அரையாண்டு இன்று தொடங்கியது. சட்டத்தில் ஒரு முதுகலை, பொது விவகாரத்தில் ஒரு முதுகலை, இரண்டையும் சேர்த்து மூன்று ஆண்டில் கொடுக்கிற படிப்பு இது. சேர்ந்தபோது வகுப்பு நிறைய ஆள் இருந்தோம். இப்போது ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம்.

அட்டவணையில் மூன்றாம் மாடி என்று போட்டிருந்தது. நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் ஃபௌசியா அலுவலகத்துக்குப் போய் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டு வந்துவிட்டாள். ஆம்பூர்ப் பெண், என் அறைத் தோழி, என்னைவிட எட்டு வயது இளையவள். "நன்றிடி" என்றேன். "எனக்கும்தான் மூணு மாடி ஏற முடியாது" என்றாள். பொய். தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவள் அவள்.

போலியோ வந்த இடது காலுக்குக் கேலிப்பர் மாட்டி நடக்கிறவள் நான். வகுப்பில் பை தூக்கியவர்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்கள், சைக்கிளில் வைத்து மிதித்த அண்ணன் என்று சின்ன வயதிலிருந்து நன்றி சொல்லிச் சொல்லியே பழகிய நாக்கு என்னுடையது. குறையாகச் சொல்லவில்லை. கிடைத்ததெல்லாம் நல்ல மனிதர்கள்.

இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று புதிதாக வந்த ஒரு பேராசிரியர் கேட்டார். கோவில்பட்டியில் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது, சக்கர நாற்காலியில் வருகிற ஒருவருக்காக ஓர் அலுவலகத்தில் சாய்தளம் கட்ட உத்தரவு வாங்கினேன். கட்டினார்கள். அழகாகவே கட்டினார்கள். பிறகு அதற்கு ஒரு கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். உத்தரவை வாங்குவதற்கு ஒரு படிப்பு. சாவி யாரிடம் இருக்கிறது, ஏன் பூட்டினார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு இன்னொரு படிப்பு. அதனால் இரண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

பொது விவகாரப் பட்டத்துக்கான களத்திட்டம் எனக்கு கொன்றைப்பாக்கம் நகராட்சியில். சென்னையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். ஊர் நடுவில் இருக்கும் பேருந்து நிலையத்தைப் புறவழிச் சாலைக்கு மாற்றப்போகிறார்கள். எப்படி மாற்றினால் நல்லது என்று ஆய்வு செய்து, அறிக்கையில் ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். நகராட்சிக் கூட்டங்களில் கேட்டதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். நாலு பஸ் நிற்கிற இடத்தில் பத்து பஸ் நிற்கிறது. சென்ற ஆண்டு, பின்னால் வந்த பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பெண் மாட்டி இறந்துபோனாள். அதன் பிறகுதான் இப்போதைய ஆணையர் இந்திராணி இங்கே மாற்றலாகி வந்தார்.

ஆணையர் அதிகம் பேசாதவர். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தப் பொண்ணோட அம்மாவ நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். இன்னொரு வீட்டுக்கு அப்படிப் போற மாதிரி வெச்சுக்க மாட்டேன். அத மனசுல வெச்சு எழுதுங்க."

எழுதுவேன். நிலையம் மாறத்தான் வேண்டும்.

ஜனவரி 22, புதன்

சட்டப் பட்டத்துக்கு இலவச சட்ட உதவி மையத்தில் வேலை செய்ய வேண்டும். மையத்தின் வெளியூர் முகாமும் கொன்றைப்பாக்கத்தில்தான், புதன்தோறும், அரசு மருத்துவமனை வளாகத்தில் ஒரு அறையில். மக்கள் சொல்வதைக் கேட்பதும் மனு எழுதுவதும் என்னையும் ஃபௌசியாவையும் போன்ற மாணவர்கள். நீதிமன்றத்தில் நிற்பதற்கு மையத்தின் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே ஜேக்கப் சார், நாகர்கோவில்காரர்.

இன்று தனபாக்கியம் வந்தார். நாற்பத்தெட்டு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி இதே மருத்துவமனையில் டயாலிசிஸ். பக்கத்து கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து மருத்துவமனை வாசலில் இறங்கிக்கொள்கிறார். அவருக்குப் பயண அட்டை இருக்கிறது. கூட வரும் கணவர் ஏழுமலைக்குக் கொடுக்க மறுக்கிறார்களாம்.

"ஊசி எடுத்தப்புறம் எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வரும். இந்த ஆளு இல்லன்னா நான் எந்த ஊர்ல போயி எறங்குவேன்னு எனக்கே தெரியாது" என்றார். ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

என் காலைப் பார்த்தார். வழக்கமாக அடுத்து வரும் கேள்விக்குத் தயாரானேன்.

"நீ வக்கீலா, வக்கீலு வர்ற வரைக்கும் ஒக்கார வெச்சிருக்காங்களா?"

"மனு எழுதுறது நான்தாம்மா."

"அப்ப நல்லா எழுது. போன தடவ ஒருத்தன் எழுதினான், எம்பேரையே தப்பா எழுதிட்டான்."

ஜனவரி 30, வியாழன்

கேலிப்பர் வார் அறுந்தது. அறையிலிருந்தே படித்தேன். ஃபௌசியா சாப்பாடு கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

ஏழுமலைக்கு அட்டை வந்துவிட்டது. விதியை எடுத்துக் காட்டி ஒரு மனு எழுதினோம், அவ்வளவுதான். தனபாக்கியம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோவில் ஏழுமலையின் கண் மூடியிருக்கிறது என்று அவரைத் திட்டினார். பிறகு என்னிடம், "தாங்க்ஸ் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா."

"சொல்லவும் மாட்டேன். சட்டத்துல இருக்கறதத்தான வாங்கிக் குடுத்த. ரேசன் கடையில அரிசி போடுறவனுக்கு நான் என்ன கும்புடா போடுறேன்?"

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அது ஊனமுற்றோர் இருக்கை என்று சன்னலுக்கு மேலேயே எழுதியிருந்தது.

பிப்ரவரி 19, புதன்

பேருந்து நிலையம் மாறுவதை நகராட்சி அறிவித்துவிட்டது. வெளியூர் பஸ், டவுன் பஸ் எல்லாமே புறவழிச் சாலைக்கு. புதிய இடத்திலிருந்து மருத்துவமனை ரொம்ப தூரம். இன்னொரு பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். தனபாக்கியம் காலையிலேயே அறை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். கூட டயாலிசிஸ் செய்துகொள்கிற இன்னும் சிலர்.

"ரெண்டு பஸ்ஸு மாறி வர்றதுக்கு எங்க ஒடம்புல தெம்பு இல்ல. டவுன் பஸ்ஸாவது ஆஸ்பத்திரி வாசலுக்கு வரணும். எழுது" என்றார்.

உயர் நீதிமன்றத்துக்கு மனு எழுதினேன். அதன் பிறகு ஜேக்கப் சாரிடம் போய், நகராட்சிக் களத்திட்டத்திலும் நான் இருப்பதை நினைவுபடுத்தினேன்.

"அங்க உனக்கு என்ன வேல?"

"கூட்ட நெரிசல் கணக்கெடுக்கிறேன் சார். அத வெச்சு ஒரு அத்தியாயம்."

"அந்தத் தாள் எல்லாம் வெளியில கெடைக்கிறதுதான?"

"ஆமா சார்."

"அப்ப இப்போதைக்கு சரி. என்னைக்கு ஒண்ணு இன்னொண்ணுல ஒரசுதோ, அன்னைக்கே எங்கிட்ட வரணும். மறுநாள் இல்ல."

உரசாது. நிலையம் மாறட்டும், டவுன் பஸ் மட்டும் மருத்துவமனைக்கு வரட்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லையே. அறிக்கையிலும் அதையே சொல்லலாம். மனு என் கையெழுத்தில், அத்தியாயமும் என் கையெழுத்தில். இதற்காகத்தானே இரண்டு படிப்பையும் சேர்த்துப் படிக்க வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு தொடங்கியது. ஃபௌசியா விடியுமுன் எழுந்து சத்தமில்லாமல் சாப்பிட முயன்று எல்லாப் பாத்திரத்தையும் உருட்டினாள்.

மதுரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் அமைப்பு எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு பட்டங்களும் கையில் இருந்தால் ஜூனில் சேரலாம். கோவில்பட்டிக்குப் பக்கம். அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். எங்கள் அம்மா போனதற்குப் பிறகு மதினி இருக்கும் இடம்தான் எனக்கு வீடு. மூன்று வருடமாக "எப்பட்டி வருவ?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை. ஜூன் என்று சொன்னேன். போனிலேயே குலவை போட்டாள். நிஜமாகவே போட்டாள். பக்கத்து வீட்டில் என்னவென்று கேட்டிருப்பார்கள்.

இவ்வளவு நல்லது ஒருத்திக்கு நடக்கலாமா.

மார்ச் 11, செவ்வாய்

நகராட்சியில் கூட்டம். ஆணையர், பொறியாளர், இன்னும் நாலைந்து அதிகாரிகள், மூலையில் நான்.

புதிய நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு இலவச இணைப்பு பஸ் விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போது பொறியாளர் சொன்னார். "ஆறு மாசத்துக்குத்தான் மேடம் வண்டி. இப்ப கேஸு, கீஸுன்னு சத்தம் போடுறாங்க இல்லையா? சத்தம் அடங்கினதும் எடுத்துடலாம். அதுக்கு மேல ஓட்ட நம்மகிட்ட வண்டியும் இல்ல, ஆளும் இல்ல."

"ஆறு மாசம்னு அறிவிப்புல போடணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"எதுக்குப் போடணும்?"

ஆணையர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொருளுக்குப் போனார்கள், குடிநீர்த் தொட்டியோ என்னவோ. எனக்குக் காதில் விழவில்லை.

ஜேக்கப் சாருக்கு இன்றே போன் செய்திருக்க வேண்டும். கால் வலியாக இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

மார்ச் 12, புதன்

நாளைக்கு என்று தள்ளியதன் பலன் காலையிலேயே வந்து எதிரில் உட்கார்ந்தது.

தனபாக்கியம், ஏழுமலை. அவர்கள் ஊர் வார்டு உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னாராம். இலவச பஸ் வரப்போகிறது, வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள், வீணாக ஏன் அலைகிறீர்கள் என்று. வாபஸ் தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இவரு போட்டுடலான்றாரு. மத்தவங்களும் நான் போட்டா போடுறோம்னு சொல்றாங்க" என்றார் தனபாக்கியம். "பஸ்ஸு நெசமாவே வருதா?"

"வருதுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப போட்டுடட்டுமா? நீ சொல்லு. நீ சொன்னா நான் யோசிக்கவே மாட்டேன்."

பேனாவை அவரே எடுத்துக்கொண்டார். டயாலிசிஸ் செய்த கை முழங்கைக்கு மேலே புடைத்துப்போய் இருந்தது. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போடுங்கள் என்றால் பொய். போடாதீர்கள் என்றால், ஏன் என்று கேட்பார். சொன்னால் நேற்று அந்த அறையில் என்னை நம்பி உட்காரவைத்தவர்களுக்குத் துரோகம்.

"அம்மா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது" என்றேன். "இதுக்கு மேல உங்க வழக்குல நான் இருக்கக் கூடாது. வேற ஆள் வருவாங்க. அவங்ககிட்டக் கேட்டுட்டு எது வேணா செய்யுங்க."

"ஏன்? என்னா ஆச்சு?"

"அதையும் சொல்ல முடியாதும்மா."

தனபாக்கியம் பேனாவைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். "நகராட்சிக்காரன் உனக்கு வேல குடுக்கறேன்னு சொல்லிட்டானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"பின்ன?"

ஏழுமலைதான் முதலில் எழுந்தார். "வா தனம். பெரிய எடத்து வெவகாரம்" என்றார். தனபாக்கியம் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நொண்டிக் காலோட அவ்ளோ தூரத்துலேர்ந்து வருதே இந்தப் பொண்ணுன்னு, நம்பினேன். காலு எப்படி இருந்தா என்னா? நம்பி வந்தவங்கள பாதியில விட்டுட்டுப் போனா அது வக்கீலா?"

போய்விட்டார்கள். தாளில் கையெழுத்துப் போடவில்லை. தாளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் 13, வியாழன்

ஜேக்கப் சார் அறையில் உட்கார்ந்து, "செவ்வாய்க்கிழமை கூட்டத்தில..." என்று ஆரம்பித்தேன். சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"சொல்லாத! எனக்குத் தெரிஞ்சா நானும் ஒன்கூட வெளிய போணும். பெறகு அந்த அம்மாவுக்கு யாரு இருக்கா?"

நிறுத்திக்கொண்டேன். சார் கதவைத் திறந்துவைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல், நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமையே வந்திருக்கணும் நீ."

"ஆமா சார்."

"சரி. நேத்து செஞ்சது சரி. வேற வழியே கெடையாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபௌசியாகிட்ட ஃபைல குடுத்துடுறேன். ஒரே ரூம்ல இருக்கீங்க, ஒரு வார்த்த பேசப்படாது."

அடுத்து களத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மைதிலி மேடம். நகராட்சிக்கு எதிராக வழக்குப் போட்டவருக்கு மனு எழுதியவள் அந்தத் திட்டத்திலும் தொடர முடியாது என்றார். களத்திட்டம் இல்லாமல் பொது விவகாரப் பட்டம் இல்லை. அடுத்த வாய்ப்பு வரும் ஜனவரியில்தான். சட்டப் பட்டத்துக்கு மையத்தில் செய்த வேலை போதும், அது கிடைத்துவிடும்.

இரண்டாகப் படிக்க வந்தேன். ஒன்றோடு போகிறேன். அந்த ஒன்றாவது கிடைக்கிறதே.

மார்ச் 14, வெள்ளி

மதுரைக்கு விவரம் எழுதி அனுப்பினேன். துணி துவைத்தேன். அழவெல்லாம் இல்லை.

மார்ச் 17, திங்கள்

கொன்றைப்பாக்கம் போனேன். திட்டத்திலிருந்து விலகுவதை மைதிலி மேடம் எழுதி அனுப்பிவிட்டார். நேரில் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. போனேன்.

ஆணையர் முன்னால் கோப்புகள். உட்காரச் சொன்னார்.

"கேள்விப்பட்டேன். அந்த ஆஸ்பத்திரி கேஸ் எழுதினது நீங்கதானா?"

"ஆமா மேடம். மொதல்ல பயண அட்டைக்குத்தான் எங்கிட்ட வந்தாங்க. பிறகு இதுவாயிட்டு."

"நீங்க எங்க கூட்டத்துல இருந்தீங்க."

"இருந்தேன். கேட்டத யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அதச் சொல்லவா வந்தீங்க?"

"இல்ல மேடம். இணைப்பு பஸ் பத்தி அன்னைக்கு உள்ள பேசினத, வெளியவும் நீங்களே சொல்லணும்னு கேட்டுக்க வந்தேன். எத்தன மாசம்னு. அத நம்பித்தான் அவங்க கையெழுத்துப் போடப் போறாங்க."

ஆணையர் பேனாவை மூடினார். "இது மிரட்டலா?"

"மிரட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம். நீங்க முடியாதுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். அவ்வளவுதான்."

ஆணையர் முன்னாலிருந்த கோப்பை ஒதுக்கிவைத்தார்.

"இடத்த மாத்துறது தப்புன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல மேடம். மாத்தித்தான் ஆகணும். என் அத்தியாயத்திலயும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரு உயிரு போன எடம் அது. ஆனா இவங்களும் உயிரோட இருக்கணும்லா?"

ஊர்ப்பேச்சு வாயில் வந்துவிட்டது. அவர் கவனிக்காததுபோல் இருந்தார். "ஆறு மாசம்னு நான் வெளிய சொன்னா இந்த ஊரே எம்மேல பாயும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சரி, போங்க" என்றார். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. நான் எழுந்து நடந்து கதவருகே போனபோது, "படிப்பு என்னாகும்?" என்று கேட்டார்.

"ஒரு பட்டம் அடுத்த வருசம் மேடம்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

மார்ச் 19, புதன்

மதினியிடம் சொல்லிவிட்டேன். ஜூனில் வர முடியாது, மதுரை வேலை இல்லை, இன்னும் ஒரு வருடம் ஆகும் என்று. ஏன் என்பதைச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். பின்னால் அண்ணன் என்னவோ கேட்பது காதில் விழுந்தது.

"தப்பு ஏதும் பண்ணிட்டியா?" என்றாள்.

"இல்ல மதினி."

"யாரும் ஒன்ன எதும் சொன்னாவளா?"

"இல்ல."

"பெறகென்ன? ஒரு வருசந்தான. அந்த ரூம்ல ஃபேன் ஓடுதா, அத மொதல்ல சொல்லு. வெயிலு காலம் வருதுல்லா."

ஃபேன் ஓடுகிறது என்றேன். போனை வைத்த பிறகு கண்ணில் தூசி விழுந்துவிட்டது. வெயில் காலத்தில் தூசி அதிகம்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஃபௌசியாவின் வீட்டிலிருந்து ஆம்பூர் பிரியாணி வந்தது. விடுதியில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் அறையில்.

இரண்டு வாரமாக ஒரே அறையில் இரண்டு நாடு. நான் உள்ளே வந்தால் அவள் தாள்களைக் கவிழ்த்துவைக்கிறாள். போன் வந்தால் வராந்தாவுக்கு ஓடுகிறாள். இன்று எல்லோரும் போன பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, "அக்கா, நீங்க ஏன் விலகினீங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

"கேக்காத."

"கேக்கல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன், இது கேஸ் விசயம் இல்ல. இவ்வளவு நாளா யாராவது சின்னதா ஏதாவது செஞ்சாகூட நீங்க கும்பிடாத குறையா நன்றி சொல்வீங்க. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இப்ப பாத்தா, நீங்க மத்தவங்களுக்குச் செஞ்சா ஒரு வார்த்தகூட வெளிய விட மாட்டேங்கிறீங்க."

"நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

"சரி, ஒண்ணும் செய்யல" என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த கறியை என் டப்பாவில் போட்டுவைத்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

மாலையில் ஃபௌசியா ஓடிவந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, இப்ப இது ஊரறிஞ்ச விசயம். உங்ககிட்டச் சொல்லலாம்."

இன்று கொன்றைப்பாக்கத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மண்டபம் நிறையக் கூட்டம். பொறியாளர் வரைபடம் காட்டி முடித்ததும் ஆணையரே எழுந்து மைக்கை வாங்கினாராம். "இணைப்பு பஸ்ஸுக்கு இப்ப எங்ககிட்ட ஏற்பாடு இருக்கறது ஆறு மாசத்துக்குத்தான். அதுக்கப்புறம் வண்டி இல்ல. இத அறிவிப்புலயே போட்டிருக்கணும். போடல. இப்ப சொல்றேன். என்ன செய்யலாம்னு நீங்களும் சொல்லுங்க."

நாற்காலிகள் பறந்தனவாம். ஒரு மணி நேரம் யாரும் யாரையும் பேசவிடவில்லை. ஆணையர் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாராம். அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். பஸ் நிலையம் அங்கேயே இருக்கட்டும் என்று சிலர் கத்தியபோது அவர் எழுந்து நின்றிருக்கிறார். ஒன்றும் பேசவில்லை. சும்மா நின்றார். கத்தியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் வந்து நின்ற இடம் இது. வெளியூர் பஸ்கள் எல்லாம் புறவழிச் சாலைக்குப் போகும். கிராமத்து டவுன் பஸ்கள் மட்டும் ஊருக்குள் வந்து, மருத்துவமனை வாசலில் நின்று போகும். பெரிய பஸ்கள் போய்விட்டால் அந்த இடத்தில் நெரிசலே இருக்காது. யாரோ ஒரு டீக்கடைக்காரர் கேட்டாராம், இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே என்று.

"தனபாக்கியம் அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"வாபஸ் தாளக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. கையெழுத்துப் போடாதது நல்லதாப்போச்சுன்னு எங்கிட்ட சொன்னாங்க. வாயால சொன்னா போதாது, கோர்ட்ல எழுதிக் குடுங்கன்னு நான் நகராட்சி வக்கீல்கிட்டக் கேட்டிருக்கேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்குக் காரணம் புரிந்ததா தெரியாது. புரிந்தாலும் அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நகராட்சி எழுதிக்கொடுத்ததை உயர் நீதிமன்றம் பதிவுசெய்து உத்தரவாகப் போட்டுவிட்டது. இனி எந்த ஆணையர் வந்தாலும் டவுன் பஸ் மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும். வழக்கு முடிந்தது. அறையில் இனி ஒரே நாடு.

மே 7, புதன்

உத்தரவு நகலைக் கொடுக்க ஃபௌசியா தனபாக்கியத்தின் வீட்டுக்குக் கிளம்பினாள். "நீங்களும் வாங்க அக்கா. கேஸ்தான் முடிஞ்சுடுச்சே" என்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டுப் புடவையும் மாற்றிக்கொண்டேன்.

ஓட்டு வீடு. வாசலில் வேப்பமர நிழலில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஃபௌசியாவைப் பார்த்ததும், "வாடா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினார். அப்புறம் அவள் பின்னால் வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

நகலை ஏழுமலை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஃபௌசியா உத்தரவை வாசித்துக் காட்டி, பஸ் நிற்காவிட்டால் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்றெல்லாம் விளக்கினாள். தனபாக்கியம் அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "இந்தப் பொண்ணுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு" என்று வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யார் என்று கேட்டவர்களிடம், "இதுவும் அங்கதான் படிக்குது" என்றார்.

ஃபௌசியா சட்டென்று வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது அவள் ஊகித்ததுதான். ஊகத்தைக்கூட யாரிடமும் சொல்லக் கூடாது.

கிளம்பும்போது தனபாக்கியம் முன்னால் போய் நின்றேன்.

"எம்மேல கோவமா இருக்கீங்களாம்மா?"

"இருக்காதா பின்ன? ஒரு காரணம் சொல்லிட்டாவது போனியா? அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல. நான்தான் ஏதாவது பேசிட்டேனான்னு இவர கேட்டுக்கினே இருந்தேன்."

"நீங்க ஒண்ணும் பேசல."

"அப்ப நீ சொல்லியிருக்கணும்."

"சொல்ல முடியலம்மா."

"இப்பவாவது சொல்லு."

"இப்பவும் முடியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் அவர்கள் முகத்தில் ஒரு இளக்கம் வரும். பாவம், போகட்டும் என்கிற இளக்கம். பரீட்சைக்குத் தாமதமாகப் போனபோது வந்தது. ஜூனியராக இருக்கும்போது ஒரு வழக்கைக் கோட்டைவிட்டபோது சீனியர் முகத்தில் வந்தது. அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். தனபாக்கியத்தின் முகத்தில் அது வரவில்லை. நம்பின வக்கீல் பாதியில் போய்விட்டாள் என்ற கோபம் மட்டும்தான், குறையாமல் இருந்தது.

"அப்ப கோவமும் போகாது" என்றார்.

"சரிம்மா."

"என்னா சரி? வெயில்ல எங்க போற? சோறு ஆயிடுச்சு. கோவம் கோவமாத்தான் இருக்கும். சாப்புட்டுப் போ."

உள்ளே போய் உட்கார்ந்தோம். அவருக்கு உப்பில்லாத சாப்பாடு, அளந்து வைத்த தண்ணீர். எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. எனக்குக் குழம்பை ஊற்றும்போதுகூட முறைத்துக்கொண்டேதான் ஊற்றினார். நான் நன்றி சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு, வாங்கிச் சாப்பிட்டேன்.